எண்ணெயில் ஊறும் காகிதம்

மின்மாற்றியின் செப்புச் சுருள்களைச் சுற்றியிருப்பது காகிதம். அது ஊறிக் கிடக்கும் எண்ணெய்க்கு இரண்டு வேலை: மின்சாரம் தாண்டாமல் தடுப்பது, சூட்டை வெளியேற்றுவது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வேலைக்குக் கனிம எண்ணெய் வந்தது. தொடக்கத்தில் தாவர எண்ணெய்களையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். காற்றுப்பட்டதும் அவை கெட்டியாகிவிட்டதால் கைவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 1932-ல் பைக்காராவும் 1937-ல் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கின. 1957-ல் மின்வாரியம் அமைந்தது. இந்தக் காலமெல்லாம் மின்மாற்றிகளில் பெரும்பாலும் கனிம எண்ணெய்தான். ஆனால் அதுவும் மூப்படையும். சூட்டில் ஆக்சிஜனோடு கூடி அமிலமாகிறது. அமிலம் முற்றினால் சேறுபோன்ற கசடு சுருள்களில் படிந்து சூடு வெளியேறும் வழியை அடைக்கிறது. வெளிர்மஞ்சளாக இருந்த எண்ணெய் பழுப்பாகிறது.

எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. மின்மாற்றியின் ஆயுள் உண்மையில் காகிதத்தின் ஆயுள்தான். புதுக் காகிதத்தின் செல்லுலோஸ் இழையில் ஏறத்தாழ ஆயிரம் குளுக்கோஸ் கண்ணிகள் கோத்திருக்கும். சூடும் ஈரமும் அமிலமும் அவற்றை அறுத்து 200 அளவுக்குக் குறைத்துவிட்டால் காகிதம் தொட்டாலே நொறுங்கும். வெப்பம் 8 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகிறது என்று 1930-ல் பொறியாளர் மான்ட்சிங்கர் கணக்கிட்டார். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் பிற்கால வழிகாட்டி, சாதாரணக் காகிதத்துக்கு 98 டிகிரியை அளவாக வைத்து, 6 டிகிரியே போதும் என்கிறது.

சென்னையின் பாலவாக்கம் போன்ற கடலோரப் பகுதியில் வெயிலோடு ஈரக்காற்றும் சேர்கிறது. ஏசிகள் ஓடும் கோடை இரவில் எண்ணெய் சூடேறி விரியும். சுமை குறைந்து குளிர்கையில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளிழுக்கும். அந்தக் காற்று வரும் வழியில்தான் அதன் ஈரத்தை உறிஞ்சும் பிரீதர் என்ற அமைப்பு இருக்கிறது. பிரீதரின் கண்ணாடிக் குப்பியிலுள்ள நீல சிலிகா ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் உறிஞ்சும் சக்தி தீர்ந்தது என்று பொருள். உடனே மாற்றியாக வேண்டும். இந்தச் சின்னக் குப்பியைக் கவனிக்காமல் விடுவது பெரிய தவறு.

கனிம எண்ணெய் எரியக்கூடியது என்பதால், தீப்பிடிக்காத திரவம் வேண்டும் என்று 1930களில் சில நாடுகளில் பிசிபி என்ற குளோரின் சேர்மத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதன் நச்சுத்தன்மை தெரிந்ததும் 1970களில் தடைகள் வந்தன. தாவர எண்ணெய் 1990களில் திரும்பியது, இம்முறை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களோடு. கனிம எண்ணெய் சுமார் 170 டிகிரியில் தொடர்ந்து எரியத் தொடங்கும்; தாவர எண்ணெய்க்கு 350 தாண்ட வேண்டும். அறை வெப்பத்தில் கனிம எண்ணெய் பத்து லட்சத்தில் 55 பங்களவு நீரையே கரைத்துக்கொள்ளும். தாவர எண்ணெய் சுமார் 1000 பங்கு ஏற்கும். காகிதத்தின் ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் காகிதம் மெதுவாகவே முதுமையடைகிறது. ஆனாலும் காற்றுப்பட்டால் கெட்டியாகும் பழைய குறை முழுதும் நீங்கவில்லை. ஆகவே காற்றை நேரடியாக இழுக்கும் பழைய தொட்டிகளைவிட, காற்றுப்புகாதபடி மூடிய தொட்டிகளே இதற்கு ஏற்றவை.