ரப்பரின் மீள்தன்மை

இழுத்தால் பல மடங்கு நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்கே திரும்புவது ரப்பரின் இயல்பு. திடப்பொருள்களின் இயந்திரப் பண்புகளில் விளங்கிக்கொள்ள நெடுங்காலம் பிடித்தவற்றுள் இதுவும் ஒன்று.

மலேசியப் பள்ளிகளில் படிவம் 5 இயற்பியலின் முதல் அத்தியாயத்தில் மீள்தன்மை வருகிறது. சுருள்வில்லில் எடைகளை ஒவ்வொன்றாக மாட்டி, நீட்சியைக் குறித்து, வரைபடத்தில் நேர்க்கோடு போடுவார்கள். நாட்டின் பெயரையே உலகறியச் செய்த ரப்பரைச் சுருள்வில்லுக்குப் பதிலாகத் தொங்கவிட்டால் நேர்க்கோடு வராது. வளைந்து ஏறும் கோடு வரும். எடைகளைக் கழற்றும்போது வேறு வழியாக இறங்கும்.

நேர்க்கோட்டு விதியை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். தாமஸ் யங் 1807இல் எழுதியதிலிருந்து ஒரு பொருள் நீட்சியை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் யங் குணகம் என்னும் அளவு வழக்குக்கு வந்தது. எஃகுக்கு அது ஏறத்தாழ 2×10¹¹ பாஸ்கல்; ரப்பருக்குச் சில பத்து லட்சம் பாஸ்கல்தான். ‘எஃகு, ரப்பர், இரண்டில் எது அதிக மீள்தன்மை உடையது?’ என்ற பழைய தேர்வுக் கேள்விக்கு எஃகு என்பதே விடை. மதிப்பெண்ணுக்கு அது போதும். ரப்பரைப் பற்றி அது எதையும் சொல்லிவிடவில்லை.

சொல்ல முற்பட்டவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப். பார்வையற்றவர்; வேதியியலாளர் ஜான் டால்ட்டனுக்கு ஆசான். ரப்பர் துண்டை உதட்டில் வைத்தபடி சட்டென இழுத்தால் சூடேறுவதையும், எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் நீளாமல் சுருங்குவதையும் 1805இல் எழுதினார். உலோகக் கம்பி இதற்கு நேர்மாறு. அகலமான ரப்பர் வளையம் ஒன்று இருந்தால் வகுப்பில் எவரும் இதைச் செய்து பார்க்கலாம். 1859இல் இயற்பியலாளர் ஜூல் ரப்பரின் இந்த நடத்தையைத் துல்லியமாக அளந்து உறுதிசெய்தார்.

காரணம் தெரிய இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. ரப்பர் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது என்று 1920இல் வேதியியலாளர் ஸ்டவுடிங்கர் வாதிட்டார். 1930களில் மெயர், கூன், குத், மார்க் ஆகியோர் மீதியைக் கண்டனர்: சிக்கிக் கிடக்கும் சங்கிலிகள் இழுக்கும்போது நேராகின்றன, வெப்ப அசைவு அவற்றை மறுபடி சிக்கலுக்கே இழுக்கிறது. சூடு கூடினால் அந்த இழுப்பும் கூடும். எஃகில் அணுக்களுக்கிடையேயான பிணைப்புகளே நீள்கின்றன. அதனால்தான் அது சிறிதே நீண்டு, பெருவிசையுடன் எதிர்க்கிறது. 1839இல் குட்இயர் கண்ட கந்தகச் சேர்ப்பு சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சிட்டு வழுக்காமல் தடுக்கிறது.

இந்த அறிவு முதிர்ந்த இடங்களில் முக்கியமானது, இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் 1938இல் அமைந்த பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம். ட்ரெலோர் அங்குதான் 1944இல் ரப்பரின் விசை-நீட்சி அளவீடுகளை வெளியிட்டார். புதிய கோட்பாடுகளை இன்றும் அவற்றோடு ஒப்பிட்டே சோதிக்கிறார்கள். ரிவ்லினும் முலின்சும் அங்கு உழைத்தவர்கள். வரலாறு எழுதுவோர் இப்பெயர்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியது ரப்பர் மீதான தீர்வைப் பணம். அதில் பெரும்பங்கு மலாயாவுடையது. அங்கே விடியுமுன் பால்வெட்டப் போனவர்களில் மிகப் பலர் தமிழர். ரப்பர் இயற்பியலின் கணக்கில் அவர்கள் உழைப்புக்கும் ஒரு வரி இருக்கவேண்டும். அந்நிறுவனம் பின்னர் மலேசியப் பெயர் பெற்று, இன்று துன் அப்துல் ரசாக் ஆய்வு மையமாக இயங்குகிறது.

அதன் ஆய்வுகள் கட்டடங்களுக்கு அடியிலும் போயின. கலிபோர்னியாவின் ஃபுட்ஹில் நீதி மையம், 1985இல், நிலநடுக்கத்தைத் தாங்க இயற்கை ரப்பர் தாங்கிகள்மீது எழுப்பப்பட்டது. ரப்பர்த் தகடும் எஃகுத் தகடும் மாறி மாறி ஒட்டியவை இத்தாங்கிகள். மேலிருந்து அழுத்தினால் ரப்பர் பக்கவாட்டில் பிதுங்க எஃகு விடாது. ஆகவே கட்டடத்தின் எடையைத் தாங்கும். தரை பக்கவாட்டில் அசைந்தால் ரப்பர் மென்மையாகச் சாய்ந்து கொடுக்கும்.