தபால் உறையில் பயணம் செய்த இசை



இருவர் கூடி இசைப்பதென்றால் ஓரிடத்தில் அமர்ந்தே இசைக்க வேண்டும் என்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். சுருதி சேர்ப்பதும், ஒருவர் முகக்குறிப்பை மற்றவர் அறிந்து தொடர்வதும் அருகிருந்தால்தான் இயலும் என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும், ஒருவரையொருவர் கண்டறியாத கலைஞர் பலர் கூட்டாக இசை படைத்தனர். அவர்களிடையே தூது சென்றது ஒலிநாடா. அதனைச் சுமந்து சென்றது தபால். அவ்வரலாற்றை இன்று காண்போம்.

1948இல் பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷாஃபர் என்பார், புகைவண்டியின் ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றையே கோத்து ஓர் இசைப் படைப்பாக ஒலிபரப்பினார். இத்தகைய சோதனைகளுக்கு வானொலி நிலையத்தின் கருவிகள் தேவைப்பட்டன. தனி மனிதருக்கு அவை எட்டாக்கனியாகவே இருந்தன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் பெர்லின் கண்காட்சியில் காசெட்டை அறிமுகப்படுத்தினர். சட்டைப் பையில் அடங்கும் அச்சிறு பேழை தபால் உறையிலும் அடங்கியது. 1979இல் ஜப்பானின் டாஸ்காம் நிறுவனம் ‘போர்ட்டாஸ்டுடியோ’ என்னும் கருவியை வெளியிட்டது. அதனால் வீட்டு அறையே ஒலிப்பதிவுக் கூடமாயிற்று.

இக்கருவியின் இயல்பைச் சிறிது விளக்குவோம். சாதாரணக் காசெட்டில் பக்கத்திற்கு இரண்டாக நான்கு ஒலித்தடங்கள் உண்டு. போர்ட்டாஸ்டுடியோ அந்நான்கையும் ஒரே திசையில், இருமடங்கு வேகத்தில் பயன்படுத்தியது. எனவே 60 நிமிட நாடாவில் 15 நிமிட இசையே அடங்கியது. எனினும் நான்கு தடங்களையும் தனித்தனியே நிரப்பலாம். ஒருவர் இரு தடங்களில் கிதார் வாசித்து, எஞ்சியவற்றை வெறுமையாக விட்டு அனுப்புவார். அத்தகைய கருவியையே உடைய மற்றவர் தம் குரலையோ, தெருவின் ஓசையையோ அவ்விடத்தில் சேர்ப்பார். நாடாவைத் திருப்பிப் போட்டால் இசை பின்னோக்கி ஒலிக்கும். அதனையும் புதுமையாக அவர்கள் கையாண்டனர்.

இவர்கள் ஒருவரையொருவர் அறிந்தது எவ்வாறு? அமெரிக்காவின் ஒலிம்பியா நகரிலிருந்து 1979 முதல் 1984 வரை வெளிவந்த ‘ஓப்’ என்னும் இதழ், ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துக்கு ஒன்றாக 26 இதழ்களோடு நிறைவுற்றது. வீட்டில் பதிவான காசெட்டுகளுக்கும் அவ்விதழ் மதிப்புரை எழுதியது. கலிபோர்னியாவில் டான் காம்போ போன்றோர் அவற்றை வானொலியில் ஒலிபரப்பினர். டோக்கியோவில் ‘மெர்ஸ்பௌ’ என்ற பெயரில் இயங்கிய மசாமி அகிதா, தம் பதிவுகளைத் தபால் வழியே மேலைநாட்டுக் கலைஞர்களோடு பரிமாறிக்கொண்டார்.

குறைகளும் இருந்தன. படியெடுக்குந்தோறும் நாடாவின் இரைச்சல் மிகும். இரு கருவிகளின் வேகம் சிறிது வேறுபட்டாலும் சுருதி பிசகும். அப்பொழுது வாத்தியத்தையே நாடாவுக்கு ஏற்பச் சுருதி கூட்ட வேண்டும். மூலநாடா வழியில் தொலைந்தால் உழைப்பெல்லாம் வீணாகும். அவ்வாறிருந்தும் முன்பின் அறியாத ஒருவரிடம் அதனை ஒப்படைத்தனர். அவர் தம் விருப்பப்படி அதனை மாற்றவும் இசைந்தனர். 1981இல் பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம், வீட்டு நாடாப்பதிவு இசையைக் கொல்கிறதென்று பிரசாரம் செய்தது. வெளியான இசையை விலையின்றிப் படியெடுப்போரை நோக்கி எழுந்த கண்டனம் அது. ஆனால் அதே கருவியைக் கொண்டு, அதே காலத்தில், எந்த நிறுவனமும் வெளியிட முன்வராத இசை வீடுகளில் பிறந்துகொண்டிருந்தது என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

காந்த நாடா என்றும் நிலைப்பதன்று. காலம் செல்லச் செல்ல அதன் ஒலி மங்கும். ஆதலால் அந்நாடாக்களைக் கணினிப் பதிவுகளாக மாற்றிக் காக்கும் பணியில் ஆர்வலர் பலர் ஈடுபட்டுள்ளனர். இன்று உங்கள் கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டு நொடியில் உலகைச் சுற்றிவிடும். அக்கலைஞர்களுக்கோ ஒரு மறுமொழிக்கு வாரங்கள் ஆயின. அக்காத்திருப்பில் அவர்கள் ஓர் ஒழுக்கத்தைப் பயின்றனர்: மற்றவர் சொன்னதை முழுவதும் கேட்ட பின்னரே தம் ஒலியைச் சேர்ப்பது. கருவிகள் மாறினும், கூடிப் பணியாற்ற விரும்பும் எவரும் கைக்கொள்ளத்தக்க பண்பு அது.