வாழை சாய்ந்த திசை

சாத்தான்குளத்துப் பக்கம் கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று வரும். அஞ்சு நிமிஷம்தான். குலைதள்ளிய வாழையெல்லாம் படுத்துவிடும், பனை நிற்கும். சூறைக்காற்று என்போம். ஆனால் சூறை என்றால் சுழல வேண்டாமா? ஒருமுறை மேகத்தை பைக்கில் துரத்திப் போய்ப் பார்த்தேன். வாழைகள் நடுவிலிருந்து விசிறிபோல வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தன.

இந்தக் கோலத்தை டெட்சுயா ஃபுஜிட்டா முதலில் பார்த்தது 1945இல், அணுகுண்டு விழுந்த நாகசாகியில். 1974இல் அமெரிக்கக் காடொன்றின் மேல் பறந்தபோது மறுபடி அதே விசிறி. அடுத்த ஆண்டு ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்க வந்த விமானம் விழுந்தது. மழையில் குளிர்ந்து கனத்த காற்று மேகத்திலிருந்து கொட்டி, தரையில் மோதிச் சிதறுகிறது என்றார். பலர் நம்பவில்லை. 1978இல் சிகாகோ அருகே ரேடார் வைத்துக் காட்டினார்.

"குடத்தக் கவுத்த மாதிரி மேலருந்து கொட்டிச்சு தம்பி" என்றார் தோட்டத்து அண்ணாச்சி. சொல்லிக்கொண்டே விழுந்த குலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் கேமராவை உள்ளே வைத்துவிட்டேன்.