முகவுரையில் இடம்பெறாத சொல்

1949 அக்டோபர் 17ஆம் நாள், புதுதில்லியில் இந்திய அரசியல் நிர்ணய சபை அரசியலமைப்பின் முகவுரையை ஆராய்ந்துகொண்டிருந்தது. அது ‘கடவுளின் பெயரால்’ என்னும் தொடருடன் தொடங்கவேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொணர்ந்தார். நாட்டுப் பிரிவினையின் குருதி உலராத காலம் அது. காந்தியடிகள் கொலையுண்டு இரண்டாண்டுகூட நிறைவுறவில்லை.

பட்டம் தாணு பிள்ளை, தாம் இறைநம்பிக்கையுடையவர் என்று கூறிக்கொண்டே திருத்தத்தை எதிர்த்தார். நம்பிக்கையில் கட்டாயம் புகுந்துவிடும் என்பது அவரது அச்சம். நம்பிக்கைக்கும் வழிபாட்டுக்கும் உரிமை வழங்கும் முகவுரைக்கு இத்தொடர் முரணாகும் என்றார் இருதயநாத் குன்ஸ்ரு. கடவுளை வாக்கெடுப்புக்கு உட்படுத்தும் இக்கட்டில் சபையை நிறுத்த வேண்டாம் என வேண்டினார் பூர்ணிமா பானர்ஜி. காமத் இணங்கவில்லை. திருத்தத்திற்கு ஆதரவாக 41 வாக்குகளும் எதிராக 68 வாக்குகளும் விழுந்தன. ‘இந்திய மக்களாகிய நாம்’ என்பதே தொடக்கமாக நிலைத்தது.

அதே ஆண்டு மார்ச் 12இல், பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபை வேறொரு வழியைத் தேர்ந்தது. இறையாண்மை இறைவனுக்கே உரியது என்னும் குறிக்கோள் தீர்மானம் அங்கு நிறைவேறியது. சிறுபான்மை உறுப்பினர்கள் கொணர்ந்த திருத்தங்கள் தோற்றன. அத்தீர்மானமும் சிறுபான்மையினர்க்கு வழிபாட்டுரிமையை உறுதிகூறியதென்பது உண்மையே. எனினும், தம்மை முஸ்லிம்கள் என்றே கருதிவந்த அகமதியாக்களை, முஸ்லிம் அல்லாதோர் என 1974இல் அரசியலமைப்புத் திருத்தம் அறிவித்தது. ஒருவர் எச்சமயத்தவர் என்பதை அவர் உள்ளம் அன்றி நாடாளுமன்றம் முடிவு செய்யும் நிலை உருவாயிற்று. சமயத்தைக் காக்கப் புகும் அரசு, முடிவில் அடியார்களையே அளக்கத் தொடங்கும் என்பதற்கு இது சான்றாகும்.

இந்திய அரசியலமைப்பு அவ்வளவுகோலைக் கையில் எடுக்கவில்லை. பதவியேற்போர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அன்றேல் உளமார உறுதி கூறலாம். இரண்டும் ஒரே மதிப்புடையன. நம்புவோரின் நாவையும் நம்பாதோரின் நாவையும் சட்டம் ஒன்றுபோலவே மதித்தது. ‘சமயச் சார்பற்ற’ என்னும் சொல் 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால்தான் முகவுரையில் ஏறியது. ஆயினும் அச்சொல்லுக்குரிய பொருள் அதற்கு முன்பே அந்நூலுள் வாழ்ந்தது.

சட்டம் இவ்வாறு அமைந்தமையால் இந்தியாவில் சமயப் பகை ஒழிந்துவிட்டதா எனின், இல்லை. 1984இல் தில்லியும், 1992இல் அயோத்தியும், 2002இல் குசராத்தும் அதற்குச் சாட்சி. ஆனால் அங்கெல்லாம் நிகழ்ந்தது சட்டத்தின் மீறல். சட்டத்தின் நிறைவேற்றம் அன்று. பாதிக்கப்பட்டோர் நீதிமன்ற வாயிலில் நின்று, ‘இந்நாட்டின் சட்டம் எம் பக்கம்’ என்று சொல்ல இடமுண்டு. நீதி காலம் தாழ்த்தலாம். சில வேளைகளில் வாராதும் போகலாம். அவ்வாறு சொல்லும் உரிமையேனும் இல்லாத நாட்டில், அவர்கள் எந்த வாயிலில் போய் நிற்பர்?

அன்று எதிர்த்து வாக்களித்தவர்களுள் இறைவனை நாள்தோறும் தொழுதோரும் இருந்தனர். தம் கடவுளை அரசின் கையில் ஒப்படைக்க மறுத்ததே அவர்தம் பத்தியின் அளவு எனலாம்.