ஜார்ஜ் டவுன் (பினாங்கு): கட்டடங்களின் வரலாறு

ஜார்ஜ் டவுன் மலேசியாவில், மலாக்கா நீரிணையை நோக்கிய பினாங்குத் தீவில் அமைந்த துறைமுக நகரம். 1786இல் ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் கொண்டுவந்தார். சுங்கம் கிடையாது என்ற சலுகை வணிகர்களைத் திரட்டியது. இங்குள்ள கார்ன்வாலிஸ் கோட்டை ஒரு போரையும் கண்டதில்லை. கோட்டையன்று, கடைவீடுதான் நகரின் முதன்மைக் கட்டடம்.

கீழே கடை, மேலே குடித்தனம், தெருப்பக்கம் குறுகிய முகப்பு, பின்னால் நீண்டுகொண்டே போகும் உள்வீடு, வெளிச்சத்துக்கு நடுவே திறந்த முற்றம்: தென்சீனக் குடியேறிகள் கொண்டுவந்த அமைப்பு இது. முகப்பை ஒட்டிய ஐந்தடி நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க உதவியது. நாளடைவில் அதுவும் கடையாயிற்று.

தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சூலியா தெருவை ஒட்டிக் குடியேறினர். அவர்களின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833ஐச் சேர்ந்தது. வட்டித்தொழில் செய்த நகரத்தார் (செட்டியார்) தம் தொழிலிடங்களைப் பெருமை காட்டும் கட்டடங்களாக எழுப்பவில்லை. பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில், அதாவது அவர்களின் தொழிற்கூடங்களில், ஒரே நீண்ட கூடத்தைப் பல மார்க்காக்கள் (வட்டிக்கடை நிறுவனங்கள்) பகிர்ந்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியடி, அதாவது பணப்பெட்டி வைத்துக் கணக்கெழுதும் இடம். பகலில் வட்டிக் கணக்கு, இரவில் அங்கேயே பாய். குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களுக்கு வேறு அறை தேவைப்படவில்லை.

சீனக் குலங்களின் கட்டடங்கள் வேறு கதை சொல்கின்றன. கூ குலத்தாரின் கொங்சி (குலச் சங்க) மண்டபத்தைச் சுற்றி அக்குலத்தின் வீடுகளே அரண்போல் நிற்கின்றன. உள்ளே செல்லக் குறுகிய சந்துகள்தான். 1867இல் ரகசியச் சங்கங்கள் தெருவில் மோதிக்கொண்ட ஊரில் இந்த எச்சரிக்கை மிகையல்ல. 1901இல் தீக்கிரையான மண்டபம் 1906இல் மீண்டும் எழுந்தது. நிலத்தில் இடம் கிடைக்காத கூலிகளும் படகோட்டிகளும் கடல்மேல் கால்நட்டுப் பலகை வீடுகள் கட்டினர். சியூ, லிம், டான் எனக் குலப்பெயரால் வழங்கும் இந்தக் குடியிருப்புத் துறைகளில் சில இன்றும் உள்ளன.

பேராக் வெள்ளீயமும் பின்னர் ரப்பரும் கொண்டுவந்த பணம் கடற்கரைத் தெருவின் வங்கிகளில் தூண்களாயிற்று. செல்வந்தர் சியோங் ஃபாட் சே லீத் தெருவில் கட்டிய நீல மாளிகையில் சீன முற்றத்தைத் தாங்குபவை ஸ்காட்லாந்து இரும்புத் தூண்கள்.

1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948க்கு முந்திய கட்டடங்களின் வாடகையை உறையவைத்தது. 1969இல் சுங்கமில்லாத் துறைமுகச் சலுகையும் பறிபோனது. இடித்துக் கட்ட யாருக்கும் லாபமில்லை, பழுதுபார்க்கவும் மனமில்லை. நகரம் தப்பியது மரபின்மேல் கொண்ட பற்றாலன்று, இந்த முடக்கத்தால் என்பதே பொருத்தம். 2000இல் கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை ஏறிப் பல தலைமுறைக் குடித்தனங்கள் வெளியேறின. காலியான சில வீடுகளில் உண்ணத்தக்க கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். 2008இல் யுனெஸ்கோ நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபின் குருவிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன.