பனை தறிக்க அனுமதி

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தின் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம் எங்களுடையது. காணி எங்களுடையதுதான், ஆனாலும் அதில் நிற்கும் பனையை நினைத்தபடி தறிக்க முடியாது. விதானையார், அதாவது கிராம அலுவலர், வந்து பார்க்க வேண்டும், பிரதேச செயலகம் அனுமதி தர வேண்டும். இதற்கு வேர் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம். பலா, ஈரப்பலாவோடு பனையும் அதன் காவலில் வந்தது.

அதற்கு முன் பனையைக் காத்தது தேவை. புது ஓலை கூரைக்கும் வேலிக்கும் போகும். பழைய ஓலையைப் புகையிலைத் தோட்டத்தில் பசளையாகத் தாழ்ப்போம். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே, ஒருவர் காணியில் மற்றவர் நட்ட மரத்தின் பலன் யாருக்கு என்று விதி உண்டு. கூரைக்கு ஓடும் தோட்டத்துக்கு யூரியாவும் வந்தபின் அந்தத் தேவை தளர்ந்தது. பனையை வளர்க்கவென 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. ஆனால் பின்னர் வந்த உள்நாட்டுப் போரில், பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் சரிந்தபோது சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

பனை ஓலைகளில் தூக்கணாங்குருவி கூடு கட்டும், வௌவால் அடையும். பனை நின்றால் அவையும் நிற்கும். நட்ட விதை காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் செல்லும். ஆகவே, தறிக்க அனுமதி கேட்கப் போகிறவர்கள் முதலில் நாலு பனம்விதையை ஊன்றிவிட்டுப் போங்கள்.