ஹார்ட்டில்பூலின் மத்தியகளம்: ஒப்பந்தத் தாளில் ஓடிய ஒரு தொழில்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று மிதக்கிறது. பம்பாய்க் கப்பல் தளத்தில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டி, 1817 ஒக்டோபர் 12இல் நீரில் இறக்கிய ‘டிரிங்கோமலீ’ அது. 1782இல் திருகோணமலைக்கு அப்பால் பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலேயக் கடற்படையும் மோதிய சண்டையின் நினைவாக அந்தப் பெயர் இடப்பட்டது. இடையில் பெயர் மாறி, பயிற்சிக் கப்பலாகி, நலிந்த நிலையில் 1987இல் ஹார்ட்டில்பூலுக்கு வந்து சேர்ந்தது. 2001இல் திருத்த வேலை முடிந்து இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது.

அதே ஊரின் உதைபந்தாட்டக் கழகம் ஹார்ட்டில்பூல் யுனைட்டெட். 1908இல் தொடங்கிய நாள் முதல் அது பெரிய கிண்ணம் எதையும் வென்றதில்லை; இங்கிலாந்து லீக்கின் இரண்டாம் படிநிலையைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் தேடி ஊர் ஊராகப் போகும் கீழ்ப்பிரிவு மத்தியகள வீரரின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கழகம் கிடைப்பது அரிது.

இங்கிலாந்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் வன், லீக் டூ என மூன்று தொழில்முறைப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 24 கழகங்கள்; ஒரு பருவத்தில் ஒவ்வொரு கழகத்துக்கும் 46 லீக் ஆட்டங்கள். கிண்ணப் போட்டிகளும் சேர்ந்தால் ஐம்பதைத் தாண்டும். சனிக்கிழமை ஓர் ஆட்டம், செவ்வாய் இரவு இன்னொன்று என்று ஓகஸ்டிலிருந்து மே வரை ஓட வேண்டும். இந்தப் பாரம் அதிகம் விழுவது மத்தியகளத்தில்தான். முன்கள வீரர் ஒரு கோல் அடித்தால் எண்பது நிமிடம் சும்மா நின்றதை ஊர் மன்னித்துவிடும். தலையால் முட்டப்பட்டுத் தரையில் விழும் பந்துக்காக நாள் முழுக்க ஓடுபவரின் பெயர் மறுநாள் பத்திரிகைச் செய்தியில் வருவதில்லை.

தொடக்க காலத்தில் ‘மத்தியகளம்’ என்ற தனி இடமே இருக்கவில்லை. இரண்டு பின்கள வீரர், மூன்று அரைப்பின்கள வீரர், ஐந்து முன்கள வீரர் என்ற அமைப்பில், நடுவே நின்ற மூவரே பந்தைப் பறிப்பவர்களும் பகிர்பவர்களும். 1960களில் நான்கு, நான்கு, இரண்டு என்ற அமைப்பு பரவியபோதுதான் இன்று நாம் அறிந்த மத்தியகள வீரர் உருவானார். கீழ்ப்பிரிவுகளில் அவருக்கு நேர்ந்த சோதனை வேறு. பின்களத்திலிருந்து நேரே முன்களத்துக்குப் பந்தைத் தூக்கியடிக்கும் ஆட்டமே அங்கு பல காலம் கோலோச்சியது. சேற்றுத் தரையில் அதுவே புத்திசாலித்தனம். தன் தலைக்கு மேலே பந்து பறப்பதைப் பார்த்தபடி, அது எங்கே விழும் என்று கணித்து ஓடுவதே அவர் வேலையாயிற்று.

தொழில்முறை ஆட்டம் 1885இல் அனுமதிக்கப்பட்டது. லீக் 1888இல் 12 கழகங்களுடன் பிறந்தது. 1901இல் வாரச் சம்பளத்துக்கு 4 பவுண் என்ற உச்சவரம்பு வந்தது. அதைவிடக் கொடியது ‘வைத்திருத்தல்’ முறை. ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரின் பதிவு கழகத்தின் கையிலேயே இருக்கும். கழகம் விடுவிக்காவிட்டால் அவர் வேறெங்கும் ஆட முடியாது. பழைய கழகத்திலும் சம்பளம் இல்லை. துறைமுகத்தில் நாட்கூலிக்கு நின்றவருக்குக்கூட, இன்று வேலை இல்லையென்றால் அடுத்த வாசலுக்குப் போகும் சுதந்திரம் இருந்தது. உதைபந்தாட்டக்காரருக்கு அது இல்லை. 1907இல் மான்செஸ்டரில் வீரர்கள் தொழிற்சங்கம் அமைத்ததற்குக் காரணம் இதுதான்.

ஹார்ட்டில்பூல் தொடக்கத்தில் லீக்குக்கு வெளியே இருந்தது. 1914 டிசம்பரில் ஜேர்மன் போர்க்கப்பல்கள் ஊரைக் குண்டு வீசித் தாக்கி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. 1916 நவம்பரில் வந்த செப்பலின் வான்கப்பல் கழகத்தின் மரப் பார்வையாளர் அரங்கை எரித்தது. போர் முடிந்ததும் கழகம் ஜேர்மன் அரசிடம் 2,500 பவுண் இழப்பீடு கேட்டு எழுதியது, பணம் வரவில்லை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய திருகோணமலைக்குத் துறைமுக ஊராக இருப்பதன் விலையை யாரும் விளக்கத் தேவையில்லை.

1921இல் மூன்றாம் பிரிவு வடக்கு அமைக்கப்பட்டபோது ஹார்ட்டில்பூல் உள்ளே வந்தது. 1958இல் நான்காம் பிரிவு பிறந்தபோது அதற்குள் விழுந்தது. அடிமட்டத்தில் முடிக்கும் கழகங்கள் தங்களைத் திரும்ப லீக்கில் சேர்க்கும்படி மற்றக் கழகங்களின் வாக்கைக் கேட்க வேண்டிய காலம் அது. ஹார்ட்டில்பூல் 14 தடவை அப்படிக் கையேந்தியது. ஒவ்வொரு முறையும் பிழைத்துக்கொண்டது. அந்த வாக்கெடுப்பில் தோற்றிருந்தால் மேசையில் இருந்த அத்தனை ஒப்பந்தங்களும் வெறுங்காகிதம் ஆகியிருக்கும்.

சம்பள வரம்பு 20 பவுணுக்கு உயர்ந்திருந்த 1961இல்தான் கட்டு அறுந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் சங்கம் வேலைநிறுத்தம் செய்வதாக எச்சரிக்க, அந்த ஜனவரியில் வரம்பு நீக்கப்பட்டது. நியூகாசில் தன்னை விட மறுத்ததை எதிர்த்து ஜோர்ஜ் ஈஸ்ட்டம் தொடுத்த வழக்கில், 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் ‘வைத்திருத்தல்’ முறை நியாயமற்ற தொழில் தடை என்று தீர்ப்பளித்தார். ஃபுல்ஹம்மின் ஜோனி ஹேன்ஸ் வாரம் 100 பவுண் வாங்கினார். நான்காம் பிரிவு வீரருக்கு வந்த மாற்றம் அவ்வளவு இனிப்பானதல்ல. முன்பு கழகம் அவரைப் போகவிடாது, இப்போது தங்கவிடாது. பணம் மேலே ஏற ஏற, கீழே ஒப்பந்தங்கள் குறுகின.

1965 ஒக்டோபரில் முப்பது வயது பிரையன் கிளஃப் ஹார்ட்டில்பூலின் முகாமையாளரானார். முழங்கால் காயத்தால் ஆட்டத்தை இழந்த முன்கள வீரர் அவர். கழகத்தில் காசு இல்லை. அணியின் பஸ்ஸைத் தானே ஓட்ட அனுமதிப்பத்திரம் எடுத்தார். அவர் கண்டெடுத்தவர்தான் இக்கட்டுரையின் முதல் நாயகன்: ஸ்கொட்லாந்தில் பிறந்து ஹார்ட்டில்பூலில் வளர்ந்த ஜோன் மக்கவர்ன். 1966இல் பதினாறு வயதில் முதல் ஆட்டம். அவர் ஓடும் விதம் கோணலாக இருக்கும், வேகமும் இல்லை. பந்தை வாங்கி, உடனே சரியான காலுக்குக் கொடுக்கும் அறிவு இருந்தது. கிளஃப் டார்பிக்குப் போனபோது பின்தொடர்ந்தார், லீட்சுக்குப் போனபோதும் கூடவே போனார், பின் நொட்டிங்ஹம் ஃபொரஸ்ட்டுக்கும் சென்றார். அங்கே தலைவராக 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கினார். ஸ்கொட்லாந்து தேசிய அணி ஒரு தடவைகூட அவரை அழைக்கவில்லை. இவ்வளவு உயரம் போன ஒருவரை ‘கீழ்ப்பிரிவு வீரர்’ என்று வகைப்படுத்துவது சரியா என்று கேட்கலாம். ஒரு முகாமையாளரின் நம்பிக்கை கூடவே வந்ததால்தான் அந்த உயரம் கிடைத்தது, வராதவர்கள் நூற்றுக்கணக்கானோர்.

1978இல் வீரர்கள் ஒப்பந்த முடிவில் வேறு கழகம் தேடும் உரிமை பெற்றார்கள். 1987 முதல் கடைசி இடம் பிடித்த கழகம் தானாகவே லீக்கிலிருந்து வெளியேறும் விதி வந்தது. 1995 டிசம்பரில் பெல்ஜியத்தின் மத்தியகள வீரர் ஜோன் மார்க் போஸ்மன் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். ஒப்பந்தம் முடிந்தவருக்கு மாற்றுக் கட்டணம் கேட்க முடியாது என்றாயிற்று. உரிமைக்காகப் போராடி நொந்துபோன அந்த மனிதரும் தன் நாட்டின் பெரிய நட்சத்திரம் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். சட்டம் தேவைப்படுவது இவரைப் போன்றவர்களுக்கே.

2002இல் ஐ.ரி.வி. டிஜிட்டல் தொலைக்காட்சி நிறுவனம் சரிந்து, லீக் கழகங்களுக்குச் சேர வேண்டிய 178.5 மில்லியன் பவுண் காற்றில் போனது. அந்தக் கோடையில் ஏராளமான வீரர்கள் வேலையின்றி நின்றார்கள். அதே ஆண்டில் ஹார்ட்டில்பூல் வேறொரு காரணத்துக்காகச் செய்தியானது. நெப்போலியன் காலத்தில் கரையொதுங்கிய குரங்கை பிரெஞ்சு உளவாளி என்று நினைத்துத் தூக்கிலிட்டார்கள் என்பது அந்த ஊரைக் கேலி செய்யும் பழங்கதை. கழகத்தின் குரங்கு வேடதாரி ஸ்டுவர்ட் டிரமண்ட், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் தருவேன் என்று சொல்லி மேயர் தேர்தலில் நின்றார். வென்றார். அடுத்த இரண்டு தேர்தல்களிலும் வென்றார். கீழ்ப்பிரிவுக் கழகம் ஒன்று தன் ஊருக்குள் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ரிச்சி ஹம்ஃப்ரீஸ் அந்தக் காலத்தவர். ஷெஃபீல்ட் வென்ஸ்டேயில் 1996இல் பிரீமியர் லீக் பருவத்தின் தொடக்கத்திலேயே கோல்கள் அடித்து நம்பிக்கை ஊட்டியவர். பின் இரவல் ஒப்பந்தங்கள், கேம்பிரிட்ஜ், 2001இல் ஹார்ட்டில்பூல். முன்களத்திலிருந்து இடது மத்தியகளத்துக்கு இறங்கி, பன்னிரண்டு ஆண்டுகள் ஆடி, கழகத்துக்காக அதிக ஆட்டங்களில் களமிறங்கியவர் என்ற சாதனையுடன் 2013இல் விடைபெற்றார். அதே ஆண்டில் வீரர் சங்கத்தின் தலைவராகவும் தெரிவானார். ஒருகாலத்தில் ஜிம்மி ஹில் அமர்ந்த நாற்காலி அது. ஒப்பந்தம் எவ்வளவு சிறிய உயிர் என்று தெரிந்தவர் அதில் அமர்ந்தது பொருத்தமே.

இந்தத் தொழிலின் முழு உருவத்தைக் காண நிக்கி ஃபெதர்ஸ்டனைப் பார்க்க வேண்டும். 1988இல் பிறந்த இவர் ஹல் சிட்டியின் இளையோர் பிரிவில் வளர்ந்தார். அங்கு நிலைக்கவில்லை. ஹெரஃபோர்ட், வால்சால், லீக்குக்கு வெளியே ஹரோகேட் என்று அலைந்து 2014இல் ஹார்ட்டில்பூலுக்கு வந்தார். அலைந்தவர் அங்கே வேர் விட்டார். நானூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். அந்த ஆண்டுகள் அமைதியானவை அல்ல. 2017 மே மாதத்தின் கடைசி நாளாட்டத்தில் ஹார்ட்டில்பூல் டொன்காஸ்டரை வென்றது. ஆனால் நியூபோர்ட் கடைசி நிமிடங்களில் கோல் போட்டுத் தன் ஆட்டத்தை வென்றதால், 1921 முதல் லீக்கில் இருந்த கழகம் வெளியே விழுந்தது. 2018 தொடக்கத்தில் கழகத்தின் பணப்பெட்டி காலியானது. ரசிகர்கள் நிதி திரட்டினார்கள். வணிகர் ராஜ் சிங் பொறுப்பேற்றார்.

2021 ஜூன் 20இல் பிரிஸ்டலில் டோர்க்கியுடன் பதவி உயர்வுக்கான இறுதியாட்டம். ஹார்ட்டில்பூல் ஒன்றுக்குப் பூச்சியம் முன்னிலை. தொண்ணூறு நிமிடமும் கடந்து, காயங்களுக்காகச் சேர்த்த நேரமும் முடியப் போகிறது. டோர்க்கியின் பந்துக் காப்பாளர் லூக்கஸ் கொவலான் முன்னே ஓடி வந்து தலையால் முட்டிச் சமன் செய்தார். நான்கு ஆண்டு உழைப்பு அந்த ஒரு நொடியில் கரைந்தது போலிருந்தது. மேலதிக நேரத்திலும் முடிவு வராமல், தண்ட உதைகளில் ஹார்ட்டில்பூல் 5-4 என வென்று லீக்குக்குத் திரும்பியது. 2023இல் மறுபடியும் இறங்கியது. இறக்கம், ஏற்றம், இறக்கம் மூன்றிலும் ஃபெதர்ஸ்டன் அங்கே இருந்தார். இத்தனை ஆண்டு ஒரே நிறச் சட்டை அணிந்தவரைப் புகழ்வது எளிது. இவர் நிலைத்தது மற்றவர்கள் இவரை விலைக்குக் கேட்காததாலும் இருக்கலாம் என்பதையும் சொல்லாமல் விட்டால் இந்தத் தொழிலை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

தமிழர் இந்தக் கதைக்குள் அண்மையில்தான் வந்தனர். 2006இல் பிறந்து வடக்கு வேல்ஸில் வளர்ந்த விமல் யோகநாதன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன். மத்தியகள வீரர். லீக் வன்னில் ஆடிய பார்ன்ஸ்லி கழகத்துக்காக 2024 ஓகஸ்டில் லீக் கிண்ண ஆட்டத்தில் அறிமுகமானார். இங்கிலாந்துத் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று ஊடகங்கள் எழுதின. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் அந்தச் செய்தி கைபேசி கைபேசியாகப் பரவியது. புகழ் உண்மையானது, ஆனால் அவர் நுழைந்திருப்பது ஃபெதர்ஸ்டனும் ஹம்ஃப்ரீசும் நடந்த அதே பாதையில்தான்.

இலங்கைத் தேசிய அணியும் இத்தகைய பிரிவுகளில் ஆள் தேடுகிறது. ஜேர்மனியின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிய அகமது வசீம் ராசிக், 2021 ஜூனில் லெபனானுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். லண்டனில் பிறந்து, கியூ.பி.ஆர். இளையோர் பிரிவில் வளர்ந்து, டோர்க்கியிலும் ஆடிய டில்லன் டி சில்வா அணியில் சேர்ந்தார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் பலர் கொண்ட அணி 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் முன்னேறியது. அதற்கு ஓர் ஆண்டு முன்புவரை, 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை, ஃபிஃபா விதித்த தடையால் இலங்கை எந்தச் சர்வதேச ஆட்டமும் ஆட முடியவில்லை.

திருகோணமலையில் உதைபந்தாட்டத்துக்கு ஆட்களும் இடமும் குறைவில்லை. பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்துச் சென்ற பின்னும் ஆட்டம் நின்றுவிடவில்லை. மக்கெய்சர் அரங்கும் ஏகாம்பரம் மைதானமும் இருக்கின்றன. இல்லாதது சம்பளம். நாட்டில் பந்தாடிப் பிழைப்பதற்கு உறுதியான வழி படைகளின் அணிகளில் வேலை பெறுவதுதான். 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கிலும் கடற்படையின் சீ ஹோக்ஸ், தரைப்படையின் டிஃபென்டர்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ் என மூன்று அணிகள் அப்படிப்பட்டவை. அந்த வாசல் திருகோணமலையின் தமிழ் இளைஞர் பலருக்கு வாசலாகவே தோன்றுவதில்லை. வெளிநாட்டுக் கீழ்ப்பிரிவுகளில் வளர்ந்தவர்களைக் கூட்டி வருவதில் தவறில்லை. ஆனால் மாவட்டத்திலிருந்து வரும் ஒரு மத்தியகள வீரர் பருவம் முழுக்கச் சம்பளம் வாங்கி ஆடக்கூடிய ஒரு லீக்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் முதலில் நடத்திக் காட்ட வேண்டும். ஹார்ட்டில்பூலைப் போன்ற சிறிய ஊரால் நூறாண்டாகச் சம்பளம் கொடுத்து ஓர் அணியை நடத்த முடிந்திருக்கிறது.